கயிற்றில் கை வைத்தவர்கள்

இந்தக் காலத்து ஆட்கள் ஒன்றைத் தொட்டாலே அதைச் செய்து முடித்துவிட்டதாக நினைக்கிறார்கள். கல்லைத் தொட்டால் கட்டடம் கட்டியாகிவிட்டது. அரிசிப் பையின் மூலையைத் தொட்டால் ஊருக்கே சோறு போட்டாகிவிட்டது. ஒரு பையை ஏழு பேர் தொட்டுக்கொண்டு நிற்பார்கள். வாங்க வந்த மனிசி தான் எங்கே தொடுவது என்று தெரியாமல் நடுவில் நிற்பாள். படம் எடுத்து முடிந்ததும் ஏழு பேரும் ஒரே நேரத்தில் கையை எடுப்பார்கள், பை அவள் காலில் விழும். என் கண்ணால் கண்டது. முன்பெல்லாம் மனிதர் நல்லவராக இருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். முன்பும் கள்ளன் இருந்தான். ஆனால் அவன் முகத்தை மூடிக்கொண்டு வந்தான். இப்போது மாலை போட்டுக்கொண்டு வருகிறான், அவனுக்குக் கதிரையும் நாங்கள்தான் கொண்டுவந்து வைக்க வேண்டியிருக்கிறது.

என் பெயர் சுஹைர். மாம்புரிக்கும் தலவிலைக்கும் நடுவில் எங்கள் கரை. தொழில் கரைவலை. வலையை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போய்க் கடலில் அரைவட்டமாக விட்டுவிட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று இழுக்க வேண்டும். இழுக்க இழுக்க, நடுவில் மீன் சேருகிற பை கரைக்கு வரும். அதை மடி என்போம். எங்கள் கரையில் ஒரு வழக்கம் இருக்கிறது. மடி மணலில் தட்டுவதற்கு முன் யார் வந்து கயிற்றில் கை வைத்தாலும் அவருக்கும் மீனில் ஒரு கூறு உண்டு. எந்த ஊர், எந்த மதம் என்று கேட்பதில்லை. தலவில அன்னம்மா கோயில் திருவிழாவுக்கு நடந்து போகிற சனங்கள் கொஞ்சத் தூரம் கயிற்றைப் பிடித்துவிட்டுக் கறிக்கு மீனோடு போயிருக்கிறார்கள்.

யூஜீனியா என்று ஒரு மனிசி. ஆளில்லாதவள். வாதம் வந்து ஒரு கை விழுந்துவிட்டது. மற்றக் கையால் கயிற்றைப் பிடிப்பாள். "அக்கா கயித்த இழுக்கிறாவா, கயிறு அக்காவ இழுக்குதா?" என்று எங்கள் வலையில் நிற்கிற றொபி ஒவ்வொரு முறையும் பகிடி பண்ணுவான். அவளும் ஒவ்வொரு முறையும் அவனைக் கெட்ட வார்த்தையால் ஏசுவாள். அவளுக்கும் முழுக் கூறுதான். அரைக் கூறு கொடுக்கலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

போன கச்சான் காற்றில் என் மகள் கைருன்னிஸாவின் வீட்டுக் கூரைத் தகரம் பறந்துபோனது. பாதி கடலில் விழுந்தது. மிச்சத்தைத் தேடிப் பொறுக்கிக்கொண்டு வந்தால், பத்திரிகைத் தாளைக் கசக்கியது போல இருந்தது. அவளுடைய மாப்பிள்ளை கட்டார் போனவன், போனவன்தான். பிள்ளைகளை வைத்துக்கொண்டு நீலத் தறப்பாளுக்குக் கீழே இருந்தாள். மாரி வருவதற்கு முன் எங்கள் வலைக்கு ஒரே ஒரு நல்ல மீன்பாடு விழுந்தால் போதும், கூரை போட்டுவிடலாம் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். கரையில் பல வலைகள், முறை வைத்துத்தான் விட வேண்டும். எங்கள் முறை வந்தபோதெல்லாம் வலையில் ஏறியது சொறிமீனும் பாசியும். அடுத்த முறையை விட்டால் மழை வந்துவிடும்.

அந்த நேரம் பார்த்துத்தான் சபை வந்தது.

சபையின் முழுப் பெயர் கிராமியக் கதைத் திரைப்பட ஊக்குவிப்புச் சபை. நான் அதைச் சொல்லிப் பழகுவதற்குள் அவர்கள் வந்து இறங்கிவிட்டார்கள். கண்ணாடி மூடிய வேன்கள், ஒரு லொறி, வேன்களுக்குப் பின்னால் மலசலகூடத்துக்கென்று தனியாக இன்னொரு வண்டி. இணைப்பாளர் முஸம்மில் புத்தளம் டவுன்காரர். வீட்டில் எங்களைப் போலத்தான் கதைப்பார். எங்களோடு மட்டும் வானொலியில் செய்தி வாசிப்பது போலக் கதைப்பார்.

"வறிய கிராமங்களில் திடீர்ச் செல்வம் ஏற்படுத்துகின்ற சீரழிவை நகைச்சுவையாக எடுத்துக்கூறும் நாட்டார் கதைப் படங்களைச் சபை தயாரித்து வருகின்றது" என்றார்.

"எங்கட ஊருக்குத் திடீர்ச் செல்வம் எப்ப வந்த?" என்று கேட்டேன்.

"வரவில்லை. வந்தால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே எச்சரிக்கின்றோம்."

படத்தை எடுக்கிற டிரெக்டர் அஸ்ஜத், கொழும்புப் பொடியன். கெட்டவன் என்று சொல்ல முடியாது. தான் என்ன செய்கிறான் என்று அவனுக்கே தெரியாது, அவ்வளவுதான். கதையை அவனிடம் கேட்டேன்.

"ஒரு ஏழை மீனவன் அங்கிள். வலையில தங்கக் குடம் ஒண்டு மாட்டுது. ஊருக்கே பணம். உடனே எல்லாருக்கும் பைத்தியம் புடிக்குது. ஒருத்தன் ஆட்டுக்குத் தங்கப் பல்லுக் கட்டுறான். ஒருத்தி கறன்ட் இல்லாத வீட்டுக்கு ஏசி வாங்குறா. இன்னொருத்தன் வள்ளத்துக்குச் சில்லுப் பூட்டி ரோட்டுல ஓட்டுறான். கடைசியில குடத்தைக் கவுத்தா உள்ளுக்க மண். எல்லாரும் சிரிச்சிட்டு பழையபடி ஏழையாகிடுறாங்க. சந்தோசமா."

"சந்தோசமாவா?"

"ஓம் அங்கிள். அதுதான் பாடம்."

"குடம் மெய்யாவே கிடைச்சா நாங்க கூரை போடுவம் தம்பி."

அவன் கொஞ்சம் யோசித்தான். மரியாதைக்காக யோசித்தான் என்று நினைக்கிறேன். "அதுக்குச் சிரிப்பு வராது அங்கிள்" என்றான்.

"நான் பகிடிக்குச் செல்லல்ல. கூரை போட்டு மிச்சமிருந்தா கிணத்துக்கு ஒரு கட்டுக் கட்டுவம்."

"அங்கிள், இது அங்கதப் படம். நீங்க எல்லாரும் கொஞ்சம் பைத்தியமா இருக்கோணும்."

"சுஹைர் நானாவுக்கு அது பெரிய வேலையில்ல தம்பி" என்றான் றொபி. "இந்தச் சட்டைய மட்டும் கழட்டச் சொல்லுங்க, மிச்சம் தானா வரும்."

அங்கதம் என்றால் என்னவென்று பிறகு விசாரித்தேன். பெரிய ஆட்களைப் பார்த்துச் சின்ன ஆட்கள் சிரிப்பதற்கு அந்தப் பெயர் என்று பள்ளிக்கூட மாஸ்டர் ஒருவர் சொன்னார். இங்கே சிரிக்கப்போகிறது யார், சிரிக்கப்படுவது யார் என்று எனக்குக் கணக்குப் பிசகியது. ஆனால் சபை வந்தால் ரோட்டுக்குத் தார் வரும் என்று ஊரில் நாலு பேர் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். நான் குறுக்கே விழவில்லை. ஒன்று மட்டும் சொன்னேன்: "எங்கட முறை அண்டைக்கு எங்கட வலை கடலுக்குப் போகும்."

"தாராளமாக" என்றார் முஸம்மில். "சபைக்கு உண்மையான வலையே தேவை. எல்லாம் உண்மையாக இருக்க வேண்டும் என்பது எமது கொள்கை."

அந்த உண்மையை உண்டாக்க மறுநாளே தொடங்கினார்கள். எங்கள் ஊர் போதுமான அளவு ஏழையாக இல்லையாம். றொபியின் பந்தாட்டச் சட்டை ஏழைச் சட்டை இல்லை. நளீர், என் தங்கச்சியின் மகன், கையில் மணிக்கூடு கட்டியிருந்தான். ஏழைக்கு நேரம் தெரியக் கூடாது என்று கழற்ற வைத்தார்கள். கொழும்பிலிருந்து எங்களுக்கென்று இடுப்பில் உடுக்கச் சாரம் வந்தது. புதுச் சாரம். தையல்காரன் ஒருவனைக் கொண்டு அளவாகக் கிழித்து, கிழித்த இடம் மேலும் கிழியாமல் ஓரம் அடித்து, பொலித்தீன் உறையில் போட்டு அனுப்பியிருந்தார்கள். ஊரில் மெய்யாகவே கிழிந்த சாரம் உடுத்திருந்தவர்களை, அழகில்லை என்று பின்வரிசைக்கு அனுப்பினார்கள்.

ஊருக்கு மேலே காற்றாடிகள் சுற்றுகின்றன அல்லவா, மின்சாரக் காற்றாடிகள். நாட்டார் கதைக் காலத்தில் அவை இல்லை என்று டிரெக்டர் கவலைப்பட்டான். "கொஞ்ச நேரம் கழட்டி வைக்க ஏலுமா?" என்று கேட்டான். முஸம்மில் உரிய இடத்துக்கு எழுதுவதாகச் சொன்னார். எழுதியும் இருப்பார்.

பிறகு கைருன்னிஸாவின் வீட்டுக்கு வந்தார்கள். நீலத் தறப்பாளைப் பார்த்ததும் டிரெக்டர் முகத்தைச் சுளித்தான். இந்த வறுமை பார்க்க நன்றாக இல்லை, தென்னோலைக் கிடுகுதான் வேண்டும் என்றான். தறப்பாளைக் கழற்றிவிட்டுக் கிடுகு வேய்ந்தார்கள். கமரா பார்க்கிற பக்கம் மட்டும். மற்றப் பக்கம் வானம்.

"இந்தப் பக்கம்?" என்று கேட்டாள் என் மகள்.

"அது படத்தில் வராது, சகோதரி" என்றார் முஸம்மில். "கவலைப்படாதீர்கள்."

கழற்றிய தறப்பாள் வீணாகப் போகவில்லை. கடற்கரையில் சபைத் தலைவர் இருக்கப்போகிற இடத்துக்கு மேலே நிழலுக்குக் கட்டினார்கள். அடுத்த நாள் விடிய அவள் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"வாப்பா, அது எங்கட தறப்பாள்தானே?"

"ஓம் புள்ள. இப்ப அது தலைவர்ட கூரை."

அன்றைக்குத்தான் எங்கள் முறை. விடியவே வலையைக் கடலில் விட்டுவிட்டு, இரண்டு கயிற்று முனையையும் கரைக்குக் கொண்டுவந்துவிட்டோம். தலைவர் வராமல் இழுக்கத் தொடங்கக் கூடாது என்றார்கள். கடலுக்குத் தலைவரைத் தெரியாது என்று சொன்னேன். நான் பெரிய சத்தமாகச் சொல்லவில்லை, நளீர் என் கையைப் பிடித்து அழுத்தினான். கடைசியில் அவர் வந்து இறங்கினார். வெள்ளை உடுப்பு, வெள்ளைச் சப்பாத்து. மணலில் கால் புதையாமல் இருக்க அவருக்குப் பலகை போட்டிருந்தார்கள். குத்துவிளக்கு காற்றில் நிற்கவில்லை. ஆகவே வேனுக்குள் கொண்டுபோய், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கொளுத்திவிட்டு, கொளுத்தியாயிற்று என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்.

தலைவர் பேசினார்.

"அன்பார்ந்த வறிய மக்களே! உங்களைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருக்கின்றது. உங்களிடம் ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாதவனுக்கு ஏது கவலை? எனக்குக் கொழும்பிலே ஒரு வீடு, நுவரெலியாவிலே ஒரு வீடு. இரண்டு வீட்டிலும் நாய்கள். எந்த நாய்க்குச் சாப்பாடு வைத்தார்களோ, எதற்கு வைக்கவில்லையோ என்று எனக்கு நித்திரையே வருவதில்லை. இப்படியான ஒரு பாரத்தை உங்கள் தலையிலே ஏற்றுவதற்கு எனக்கு மனம் வருமா? கிராமத்துக்குச் செல்வம் போனால் கிராமம் கெட்டுவிடும். அதனால்தான் சென்ற ஆண்டு கிராமங்களுக்கென்று எமது சபைக்குக் கிடைத்த நிதியில் ஒரு சதமேனும் கிராமங்களுக்குப் போய்விடாமல் நாம் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றினோம்!"

சபை ஆட்கள் கை தட்டினார்கள். தட்டச் சொல்லி எங்களுக்கும் சைகை காட்டினார்கள்.

"நல்ல மனிசன் நானா" என்றான் றொபி என் காதுக்குள். "நமக்காக எவ்வளவு சுமக்கிறார் பாருங்க."

பிறகு படம் எடுக்கிற வேலை. தலைவர் கயிற்றில் கை வைத்தார். அவருக்குப் பின்னால் உப தலைவர், செயலாளர், உதவிச் செயலாளர், கணக்காளர், கணக்காளரின் மனைவி, மனைவியின் தங்கை, படத்துக்குப் பாட்டு எழுதுகிறவர், பாட்டு எழுதுகிறவருக்குக் குடை பிடிக்கிறவர், சாரதிமார். கயிற்றில் இடம் போதாமல் எங்கள் ஆட்களை விலகச் சொன்னார்கள். "இதை எந்தப் பக்கமாக இழுப்பது?" என்று தலைவர் கேட்டார். கடல் இருக்கிற பக்கத்திலிருந்து கடல் இல்லாத பக்கத்துக்கு என்று நான் சொன்னேன். நல்ல கருத்து என்றார். எல்லோரும் சிரித்தபடி நின்றார்கள். கமரா சொடுக்கியது. கைகளை எடுத்தார்கள், ஒரு பெண் போத்தலோடு வரிசையாக வந்து எல்லார் கையிலும் மருந்துத் தண்ணீர் தெளித்தாள். தறப்பாளின் நிழலில் தெம்பிலி இளநீர் வெட்டி வைத்திருந்தது. போய் உட்கார்ந்தார்கள்.

நாங்கள் இழுக்கத் தொடங்கினோம்.

கொஞ்ச நேரம் வழமை போலத்தான் இருந்தது. பிறகு கயிறு கனத்தது. றொபி என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுமோ என்று ஒரு பயம். கடற்பறவைகள் மடிக்கு மேலே வந்து விழுந்து விழுந்து எழும்பின. தண்ணீர் ஓரிடத்தில் கறுத்து, பொரிந்தது. "அன்னம்மா தாயே" என்றான் றொபி. நான் பிஸ்மி சொன்னேன். யூஜீனியா ஒற்றைக் கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இழுங்கடா, மாடுகளே" என்று கத்தினாள். கைருன்னிஸா சபை தந்த, கிழித்துத் தைத்த சேலையோடு ஓடிவந்து கயிற்றைப் பிடித்தாள்.

"நிப்பாட்டுங்க! நிப்பாட்டுங்க!"

டிரெக்டர் கையை ஆட்டிக்கொண்டு தண்ணீருக்குள் ஓடிவந்தான்.

"அங்கிள், குடம் இன்னும் மடிக்குள்ள போடல்ல! குடம் வேன்ல இருக்கு, வேன் சாப்பாடு எடுக்க நுரைச்சோலைக்குப் போயிருக்கு. வரும் மட்டும் அப்படியே புடிச்சிட்டு நில்லுங்க!"

"நிண்டா மீன் கீழால போயிரும்."

"மீன் போனாப் பரவாயில்ல அங்கிள். மீன் கதையில இல்ல."

"டேய் நளீர்" என்றேன், "இழு."

"அங்கிள், பிளீஸ்..."

"நீ குடத்தக் கொண்டுவா தம்பி. கடல் உன்ட வேனப் பாத்துக்கிட்டு நிக்காது."

இழுத்தோம். மடி மணலில் தட்டியது. பாரை. மடி முழுக்கப் பாரை மீன். ஒவ்வொன்றும் தொடையளவு. மணலில் அவை அடித்த சத்தத்தில் ஒலிபெருக்கிப் பாட்டுக்கூடக் கேட்கவில்லை. என் வயதுக்கு இப்படி ஒரு மீன்பாட்டை நான் விரல் மடித்து எண்ணுகிற அளவுக்குத்தான் கண்டிருக்கிறேன். றொபி மீன்களுக்கு நடுவில் மல்லாந்து படுத்துவிட்டான். என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் மீனைப் பார்க்கவில்லை, மீனுக்குள் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியும்.

அஸ்ஜத் மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான். "இவ்வளவு மீன் வந்தா இவங்கள ஏழைகள் எண்டு யாரு நம்புவா?" என்று முஸம்மிலிடம் சொன்னான். "கொஞ்சத்தைத் திருப்பிக் கடல்ல போட ஏலுமா?"

மீன் எடுக்கிற அஹமட் முதலாளியின் ஐஸ் லொறி ரோட்டோரம் வந்து நின்றது. மணம் பிடித்து வருவது போல வந்துவிடுவார். "முழுசா எடுக்கிறன் நானா, கூறு போட்டுட்டு வாங்க" என்றார். நாங்கள் கூறு போடக் குனிந்தோம்.

அப்போதுதான் முஸம்மில் தலைவரின் காதில் ஏதோ சொன்னார். ஊர் வழக்கங்களை ஆராய்கிறேன் என்று அவர் முதல் நாள் என்னிடம் தேத்தண்ணி வாங்கிக் குடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டு அறிந்திருந்தார். தலைவர் நிழலிலிருந்து எழும்பினார். பலகையில் நடந்து வந்தார். பலகை முடிந்த இடத்தில் மணலிலும் காலை வைத்தார். அன்றைக்கு அவர் மணலில் கால் வைத்தது அப்போதுதான்.

"பெரியவரே, உங்கள் கரையில் ஒரு புனிதமான வழக்கம் உள்ளதாம். கயிற்றில் கை வைத்த அனைவருக்கும் ஒரு கூறு. என் கண்கள் கலங்கிவிட்டன. பாரம்பரியங்களைப் பாதுகாப்பது எமது சபையின் தலையாய கடமை. ஆகவே எங்கள் கூறுகளையும் போட்டுவிடுங்கள்."

முதலில் அவர் பகிடி பண்ணுகிறார் என்று நினைத்தேன். அவருக்குப் பின்னால் கணக்காளரின் மனைவி பொலித்தீன் பையை விரித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க கை வச்சது மெய்தான் சேர்" என்றேன். "கைய எடுத்துட்டுப் போனதும் மெய்தான்."

"கையை எடுத்தால் கூறு இல்லை என்று உங்கள் வழக்கத்தில் இருக்கின்றதா?"

இல்லை. அப்படி ஒன்று இல்லை. என் வாப்பா சொன்னதில்லை, அவருடைய வாப்பாவும் சொல்லியிருக்க மாட்டார். மடி வருகிற நேரத்தில் கயிற்றை விட்டுவிட்டு இளநீர் குடிக்கப் போன ஒருவரையும் எங்கள் கரை அதற்கு முன் கண்டதில்லை.

"இழுத்தவனுக்குத்தான் கூறு" என்று றொபி குரலை உயர்த்தினான். துடுப்பு அவன் கையில் இருந்தது.

"அப்படியா?" தலைவர் திரும்பி யூஜீனியாவைக் காட்டினார். "அந்த அம்மா இழுத்தாரா? நான் இருந்த இடத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவரும் எம்மைப் போலக் கைதான் வைத்தார். அவருக்கு ஒரு சட்டம், எமக்கு ஒரு சட்டமா? இழுத்தவனுக்கு மட்டும்தான் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், எழுதிக்கொள்கின்றோம். இன்றிலிருந்து அந்த அம்மாவுக்கும் இல்லை."

றொபியின் துடுப்பு கீழே இறங்கியது.

யூஜீனியா முன்னால் வந்தாள். "நானா, எனக்கு வேணாம். இழுத்தவங்களுக்கு மட்டும்தான் எண்டு சொல்லிப்போடுங்க. இந்தப் பேய்களுக்கு ஒரு செதிளும் குடுக்காதீங்க. கைருன்னிஸாட கூரையப் பாருங்க."

அப்படிச் சொல்லிவிடலாம் என்று எனக்கும் ஒரு கணம் வந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். கூரை என்னுடைய மகளின் கூரை. ஆனால் யூஜீனியாவை எனக்குத் தெரியும். இன்றைக்கு வேண்டாம் என்றால் நாளைக்கு அவள் கயிற்றுக்கு வர மாட்டாள். வராவிட்டால் அவளுக்கு மீனும் இல்லை, ஏசுவதற்கு றொபியும் இல்லை. வீட்டுக்குள்ளேயே கிடந்து போய்ச் சேருவாள். அவளுக்குப் பின்னால் வரப்போகிற கை விழுந்தவனுக்கும் கால் விழுந்தவனுக்கும் அதே கதி. வெள்ளைச் சப்பாத்துப் போட்ட ஒருவனுக்குப் பயந்து அதை நான் செய்ய வேண்டுமா? அவர்கள் எங்கே பிடித்தால் எனக்கு நோகும் என்று பார்த்துப் பிடித்திருக்கிறார்கள். மீன் பிடிக்கத் தெரியாது, இது தெரியும்.

"கூறு போடு" என்றேன்.

"மாமா!" நளீர் கத்தினான். "கைருன்னிஸா மச்சிட கூரை?"

"போடுடா எல்லாருக்கும்."

என் மகளின் பக்கம் நான் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்லக்கூட எனக்கு அருவருப்பாக இருக்கிறது. காலையில் எடுத்த படத்தைக் கமராவில் பெரிதாக்கி, யார் யாருடைய கை கயிற்றில் இருக்கிறது என்று பார்த்தார்கள். பாட்டு எழுதுகிறவரின் கை குடை பிடிக்கிறவரின் தோளுக்குப் பின்னால் மறைந்திருந்தது. கை தெரியவில்லை, ஆனால் கையின் எண்ணம் தெரிகிறது என்று உப தலைவர் தீர்ப்புச் சொன்னார். ஒருவருக்கு முகம் பாதிதான் விழுந்திருந்தது. அவருக்கு அரைக் கூறா முழுக் கூறா என்று நிழலில் உட்கார்ந்து அவசரக் கூட்டம் வைத்தார்கள். முகம் பாதியானாலும் கை முழுதாக விழுந்திருப்பதால் முழுக் கூறு என்று முடிவானது. பெரிய பாரைகளை அவர்களே தெரிந்து எடுத்தார்கள், சின்னது படத்தில் வடிவாக வராது என்று. அவர்களின் கூறுகள் வள்ளத்தடியிலிருந்து வேன் வரைக்கும் போயின. சோடாப் போத்தல் வைத்திருந்த ஐஸ் பெட்டிகளை வெறுமையாக்கி மீனை அடுக்கினார்கள். வெளியே எடுத்த சோடாப் போத்தல்களை எங்களுக்குத் தந்தார்கள். தருவதை அஸ்ஜத் படம் எடுத்தான்.

இதெல்லாம் முடிய வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. எங்களுக்கென்று மிச்சமிருந்த மீன் மணலில் காய்ந்து கண் வெளுத்துக் கிடந்தது. அஹமட் முதலாளி வந்து ஒன்றைத் தூக்கிச் செவுளைத் திறந்து பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்ப வைத்தார்.

"கோவிக்காதீங்க நானா" என்றார். "இதுக்கு ஐஸ் போட்டா ஐஸுக்கும் காணாது. கருவாடாப் போடுங்க." லொறி போய்விட்டது.

கைருன்னிஸா அழவில்லை. "வாப்பா, உப்பு எடுத்துக்கிட்டு வாரன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பாதிக் கூரை வீட்டுப் பக்கம் நடந்தாள்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். சபைக்கு முடியவில்லை. தலைவர் மறுபடியும் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார். முகம் அப்படி ஒரு பிரகாசம்.

"அன்பார்ந்த வறிய மக்களே! இன்று நாம் ஓர் அற்புதத்தைக் கண்ணாரக் கண்டோம். காலையில் இந்தக் கரைக்குப் பெரும் செல்வம் வந்தது. மதியத்துக்குள் அது போய்விட்டது! எமது கதையிலே என்ன எழுதியிருந்தோமோ அது அப்படியே நடந்துவிட்டது! திடீரென்று வரும் செல்வம் ஏழைகளிடம் தங்காது என்று நாம் சொன்னபோது சிலர் சந்தேகப்பட்டார்கள். அவர்கள் இன்று வாயடைத்துப் போயிருப்பார்கள். தங்கக் குடம்கூட இனித் தேவையில்லை. எமது பாடத்தை இந்த மக்களே நிரூபித்துவிட்டார்கள்!"

கை தட்டல். அவர்களின் கையெல்லாம் மீன் செதிள், தட்டும்போது வெயிலில் மினுங்கியது.

அஸ்ஜத் என்னிடம் வந்தான். அவனுக்கும் கொஞ்சம் வெட்கம் வந்திருக்க வேண்டும், என் முகத்தைப் பார்க்காமல் என் தோளைப் பார்த்துத்தான் கதைத்தான்.

"அங்கிள், கடைசி சீன் மட்டும்தான் மிச்சம். செல்வம் எல்லாம் போன பிறகு நீங்க எல்லாரும் சேர்ந்து சிரிக்கிறீங்க. மனம் விட்டு. சும்மா ஒரு நிமிசம். நீங்க முன்னுக்கு நில்லுங்க."

எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். கமரா எங்கள் முகத்துக்கு நேரே வந்தது. பாரை ஏற்றிய வேன்கள் அதற்குப் பின்னால் இயந்திரம் போட்டு நின்றன, குளிர் போகாமல் இருக்க. ஐஸ் உருகி வேனுக்குக் கீழே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"சிரியுங்கள், பெரியவரே" என்றார் தலைவர், பிள்ளைக்குச் சொல்வது போல. "செல்வம் போய்விட்டது. இனி உங்களுக்கு நிம்மதி."

"செல்வம் போகல்ல சேர்" என்றேன். "அந்தா, உங்கட வேன்ல இருக்கு."

"கட்!" என்றான் அஸ்ஜத். "அங்கிள், அந்த வசனம் இல்ல. சும்மா சிரிச்சாப் போதும்."

"சுஹைர் காக்கா" என்றார் முஸம்மில். அன்றைக்கு முதல் முறையாக அவருடைய வீட்டுத் தமிழ் வெளியே வந்தது. "ஒருக்காச் சிரிச்சிட்டுப் போங்களே. உங்களுக்கு என்ன குறையப்போகுது? ரோட்டுக்கு நான் கதைக்கிறன். அல்லாட காவல், மெய்யாச் செல்றன்."

றொபி சிரிக்கவில்லை. யூஜீனியா கமராவைப் பார்த்து அவளுக்குத் தெரிந்ததையெல்லாம் ஏசினாள். அதை அவர்கள் பிறகு பாட்டு வைத்து மூடிவிடுவார்கள் என்று நினைக்கிறேன். நான் வரிசையை விட்டு வெளியே வந்தேன். ரோட்டுக்குத் தார் வரும் என்பதை நான் நம்பவில்லை. செல்வம் வந்தால் நாங்கள் கெட்டுவிடுவோம் என்பதையும் நம்பவில்லை. கெடுகிறோமா இல்லையா என்று பார்க்க, ஒரு நாளாவது அது எங்கள் கையில் தங்கியிருக்க வேண்டும். அந்தத் தலைவர் இரவில் நித்திரை இல்லாமல் தவிக்கிறார் என்பதைத்தான் எல்லாவற்றையும்விடக் குறைவாக நம்பினேன்.

"அருமை! அப்படியே நடங்க அங்கிள்!" என்று பின்னால் அஸ்ஜத் கத்தினான். "சோகமா, இன்னும் கொஞ்சம் மெதுவா! அங்கிள், கமரா இந்தப் பக்கம்! இந்தப் பக்கம் நடங்க!"

நான் அந்தப் பக்கம் நடக்கவில்லை.